மீனைக் காட்டும் கருவியும் ஆளைக் காக்கும் கருவியும்

விஞ்ஞானக் கட்டுரை என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையில் வரும் விஞ்ஞானம் பள்ளி இறுதி வகுப்புப் பாடத்தைத் தாண்டாது. ஒலியின் வேகம், வர்க்கமூலம், ஓமின் விதி, இவ்வளவே. ஆயினும் இந்த எளிய பாடத்தை அறிந்து ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கும், அறியாமல் கடைக்காரர் தருவதை வாங்கிப் பூட்டுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு, சில வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகி விடுகிறது. ஆகவே பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காட்கோபரில் குடியிருக்கும் நாம் கடலை நினைப்பது அரிது. இரயிலும், நெரிசலும், மேட்டுக் குடிசைகளுமே நம் கண்முன் நிற்பவை. ஆனால் கிழக்கு விரைவுச் சாலையைக் கடந்து காமராஜ் நகர்ப் பக்கம் சென்றால் சதுப்பு நிலமும் அலையாத்திக் காடும், அவற்றுக்கு அப்பால் தானேக் கழியும் வந்துவிடுகின்றன. தெற்கே கொலாபாவில் 1875-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சசூன் டாக் இன்றும் மீன்பிடித் துறையாக இயங்குகிறது. அங்கு வந்துபோகும் விசைப்படகுகளில் கோலி மக்களுடன் பிற மாநிலத்தாரும் உழைக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவரும் மேற்குக் கரை நெடுகத் தொழில் செய்து மும்பைக் கடல்வரை வருகின்றனர். இம்மாநகரில் மில்லிலும் தோல் பட்டறையிலும் உழைத்த தமிழரை நாம் அறிவோம். இக்கடலில் உழைக்கும் தமிழரை அறிந்தவர் எத்தனை பேர்?

தூத்தூர் வட்டாரத்தார்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், கேரளத்தை ஒட்டி, நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்ற எட்டு ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஆழ்கடல் மீன்பிடிப்பில், குறிப்பாகச் சுறாவும் சூரையும் பிடிப்பதில், இவ்வூரார் இந்தியாவெங்கும் பெயர் பெற்றவர்கள். கொச்சி, மங்களூர், கோவா, மும்பை, வெராவல் எனப் பல துறைகளை இடமாகக் கொண்டு, வாரக்கணக்கில் கரை காணாமல் கடலிலே தங்கித் தொழில் செய்கின்றனர்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'ஒக்கி' என்னும் புயல் குமரி முனைக்கு அருகே உருவாயிற்று. 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே புயலாக மாறிவிட்டது. அதன் பிறகு அது அரபிக்கடலில் வடமேற்காகச் சென்று, பின் வடகிழக்கே திரும்பி, டிசம்பர் 5-ஆம் தேதியளவில் குஜராத்தின் தென்கரையை நெருங்கி வலுவிழந்தது. அன்று மும்பையிலும் சுற்றுப்புறத்திலும் பள்ளிகளுக்கு விடுமுறை அளித்தார்கள். எதிர்பாராத டிசம்பர் மழையை வேடிக்கை பார்த்த பள்ளிப் பிள்ளைகளில் நானும் சேர்த்தி. அதே வேளையில் பல படகுகள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் முதலிய துறைகளில் ஒதுங்கி உயிர் பிழைத்திருந்தன. ஆனால் தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர் கரை திரும்பவில்லை. தூத்தூர் வட்டாரத்து ஊர்களில் பல வீடுகள் ஒரே வாரத்தில் தலைவனை இழந்தன.

இதில் மாணவராகிய நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்படகுகள் கருவியற்ற கட்டுமரங்கள் அல்ல. ஆழ்கடல் விசைப்படகுகளில் மீன் காட்டும் எக்கோ சவுண்டர் இருந்தது. இடம் காட்டும் ஜி.பி.எஸ். இருந்தது, பேசுவதற்கு வயர்லெஸ் பெட்டியும் இருந்தது. புயல் உருவாகுமுன்பே கரையை விட்டு நெடுந்தொலைவு சென்றிருந்த படகுகளுக்கு எச்சரிக்கையை எட்டச் செய்யும் வழிதான் இல்லை. மீனைக் காட்டும் கருவி ஓங்கி வளர்ந்திருந்தது. ஆளைக் காக்கும் கருவி பின்தங்கியிருந்தது. ஏன் இப்படி? இனிவரும் காலத்தில் ஒரு படகுக்காரர் கையிலுள்ள பணத்தை எக்கருவிக்கு முதலில் செலவிட வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண, கருவிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஒலியால் பார்த்தல்

கடல்நீரில் ஒளி சில பத்து மீட்டரிலேயே மங்கிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் வானொலி அலையும் சிறிது தூரத்திலேயே அடங்கிவிடும். ஒலி ஒன்றே நீரில் நெடுந்தொலைவு செல்வது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது.

1912-இல் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கிய பின், ஒலியின் உதவியால் தடைகளை அறியும் முயற்சிகள் ஊக்கம் பெற்றன. ஜெர்மானியராகிய அலெக்சாண்டர் பெம் 1913-இல் எதிரொலியால் ஆழம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சு விஞ்ஞானி லாஞ்செவின், குவார்ட்ஸ் படிகத்தை அதிரச் செய்து செவிக்கு எட்டாத ஒலியை நீருக்குள் அனுப்பிக் காட்டினார். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களின் இயல்பைக் கியூரி சகோதரர்கள் 1880-லேயே கண்டிருந்தனர். இவற்றையெல்லாம் மீனவர் கைக்குக் கொண்டு வந்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள். 1948-இல் அவர்கள் மீன் காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள்.

செயல்முறை எளிது. படகின் அடியில் டிரான்ஸ்டியூசர் என்னும் உறுப்பு இருக்கிறது. அதுவே வாய், அதுவே செவி. ஒரு குறுகிய ஒலித்துடிப்பை அனுப்பிவிட்டு, எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. 300 மீட்டர் ஆழத்திலுள்ள தரையை ஒலி தொட்டுத் திரும்ப 600 மீட்டர் பயணம். 1500-ஆல் வகுத்தால் 0.4 நொடி. கருவி நேரத்தை அளக்கிறது. நமக்கு ஆழமாக்கிக் காட்டுகிறது. நடுவில் மீன் கூட்டம் இருந்தால் அதன் எதிரொலி முன்னதாகவே வந்துவிடும்.

மீனில் எதிரொலியைத் தருவது எது? சதையும் நீரும் ஒலிக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், சதையிலிருந்து திரும்பும் ஒலி குறைவு. பல மீன்களின் வயிற்றுக்குள் காற்றுப்பை உண்டு. காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒலி பலமாகத் திரும்புகிறது. ஆகவே கருவி பெரும்பாலும் காட்டுவது மீனை அன்று, மீனுக்குள் இருக்கும் காற்றை! சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. வரிச்சூரை போன்ற சில சூரை வகைகளுக்கும் கிடையாது. எனவே சுறா பிடிப்பதில் வல்லவராகிய தூத்தூர் மீனவருக்கு, சுறாவையே எக்கோ நன்றாகக் காட்டுவதில்லை. கடலடி மேடுகளையும், இரை மீன் கூட்டத்தையும் கருவியில் கண்டு, 'இவை இருக்குமிடத்தில் அது வரும்' என்று அவர்கள் தம் அனுபவத்தால் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கருவி பாதி, அனுபவம் பாதி என்பது இதுதான்.

திரையைப் படிக்கும் முறை

திரையின் வலப்புற ஓரமே 'இப்பொழுது'. இடப்புறம் செல்லச் செல்லப் பழைய செய்தி. திரையை ஒரு படமாகக் கருதிப் 'படகின் இடப்பக்கம் மீன் நிற்கிறது' என்று நினைப்பது புதியவர் பலருக்கு ஏற்படும் மயக்கம். அது இடத்தின் படம் அன்று, காலத்தின் படம்.

மீன் ஏன் பிறை வடிவில் தோன்றுகிறது? ஒலி ஒரு கூம்பாக விரிந்து இறங்குகிறது. படகு நகரும்பொழுது மீன் கூம்பின் ஓரத்தில் நுழைகிறது. அப்போது தூரம் சற்று அதிகம். நேர் கீழே வரும்போது தூரம் குறைவு. மறு ஓரத்தில் வெளியேறும்போது மீண்டும் அதிகம். இதனால் கோடு மேலெழுந்து வளைந்து இறங்குகிறது. படகு நின்றுகொண்டிருந்தால் பிறை தோன்றாது. நீண்ட கோடுதான் தோன்றும்.

சில வேளைகளில் நடுக்கடலில், பகலில், சில நூறு மீட்டர் ஆழத்தில் தரைபோல ஒரு படலம் தெரியும். மாலையில் அது மேலே எழும்பி வரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதைக் கண்டவர்கள் 'பொய்த்தரை' என்று வியந்தனர். அது தரையன்று, பகலில் ஆழத்தில் ஒளிந்து இரவில் இரைதேடி மேலேறும் சிற்றுயிர்களின் திரள். அதைத் தொடர்ந்து பெருமீன்களும் வரும் என்பதால், அறிந்தவர்க்கு இப்பொய்த்தரை மெய்யான செய்தியே.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, அதிர்வெண். நொடிக்கு 50,000 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 3 சென்டிமீட்டர். 2,00,000 அதிர்வுள்ளதன் அலைநீளம் 7.5 மில்லிமீட்டர். குறைந்த அதிர்வெண் ஆழமாகச் செல்லும், ஆனால் நுணுக்கம் குறையும். உயர்ந்த அதிர்வெண் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் நீர் அதை விரைவில் விழுங்கிவிடும். கழியிலும் கரையோரத்திலும் தொழில் செய்பவருக்கு இரண்டாவது போதும். ஆழ்கடலுக்குச் செல்பவருக்கு முதலாவது கட்டாயம். இரண்டும் சேர்ந்த கருவியே சிறந்தது.

இரண்டாவது, கூம்பின் அகலம். 100 மீட்டர் ஆழத்தில், 40 பாகைக் கூம்பு தரையில் ஏறத்தாழ 73 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தைப் பார்க்கிறது. 12 பாகைக் கூம்பு 21 மீட்டர் வட்டத்தையே பார்க்கிறது. அகன்ற கூம்பில் மீன் அதிகமாகத் தெரியும். ஆனால் அது வலைக்கு நேர் கீழே இருக்கிறது என்பதற்கு உறுதியில்லை.

மூன்றாவது, துடிப்பின் நீளம். ஆயிரத்தில் ஒரு நொடி நீடிக்கும் துடிப்பால், ஒன்றின்மேல் ஒன்றாக 75 சென்டிமீட்டருக்குள் இருக்கும் இரு மீன்களைப் பிரித்துக் காட்ட இயலாது. துடிப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 7.5 சென்டிமீட்டர் வரை பிரிக்கலாம். தரையோடு ஒட்டிய மீனைத் தேடுபவருக்கு இது முக்கியம்.

நான்காவதாக, கருவியைக் காட்டிலும் அதைப் பொருத்தும் இடம் பெரிது. காற்றுக்குமிழ் ஒலியைத் தடுக்கும் சுவர். விசிறியின் நுரை ஓடும் இடத்தில் டிரான்ஸ்டியூசரைப் பொருத்தினால், விலையுயர்ந்த கருவியும் குருடாகிவிடும். குமிழில்லா நீர் ஓடும் இடத்தில், விசிறிக்கு முன்னால், நேர் கீழ்நோக்கிப் பொருத்த வேண்டும். அதன் முகத்தில் சிப்பியும் பாசியும் படிந்தாலோ, கெட்டியாக வண்ணம் பூசினாலோ எதிரொலி மங்கும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றும் அக்காலமே இதைச் சுத்தம் செய்ய ஏற்ற காலம்.

பனிக்கட்டி ஏரியில் இதே கருவி

நம்மவர் பலர் மேற்படிப்புக்குக் கனடா செல்கின்றனர். டொரன்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில், குளிர்காலத்தில் உறைந்த நீரின் மேல் நடந்து சென்று, துளையிட்டு மீன் பிடிப்பதை அவர்கள் காணலாம். ஏரி முழுவதும் ஏன் கட்டியாவதில்லை? நீர் 4 பாகை சென்டிகிரேடில்தான் மிகக் கனமானது. அந்த நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதந்து உறைகிறது. பனிக்கட்டிக் கூரையின் கீழ் மீன்கள் உயிர் வாழ்கின்றன.

அங்கும் இதே எக்கோ கருவிதான். துளையின் வழியே டிரான்ஸ்டியூசரைத் தொங்கவிடுவார்கள். படகு ஓடாததால் பிறை தோன்றாது; தூண்டில் இரை ஒரு கோடாகவும், அதை நோக்கி எழும்பும் மீன் மற்றொரு கோடாகவும் அக்கணமே தெரியும். கண்டவுடன் இரையை ஆட்டி மீனைக் கவர்வார்கள். கடுங்குளிரில் மின்கலத்தின் கொள்ளளவு குறையும் என்பதால் அதை உறையிட்டு வைப்பார்கள்.

ஆனால் அங்கே அனுபவசாலிகள் ஏரிக்குள் இறங்குமுன் பார்ப்பது மீன் காட்டும் திரையை அன்று. பனிக்கட்டியின் கனத்தை அளக்கிறார்கள். ஒருவர் நடந்து செல்லத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டராவது வேண்டும் என்பது அவர்களது பொதுவிதி. விழுந்தால் பற்றி ஏறுவதற்கு இரு கூர்முனைப் பிடிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மிதக்கும் உடை அணிகிறார்கள். முதலில் உயிர்க்காப்பு, பிறகு மீன் என்னும் இவ்வரிசையை நாம் பனியிடமிருந்து கற்று அரபிக்கடலுக்குக் கொண்டு வரலாம்.

இடம் காட்டும் கருவி

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நான்கு கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகளின் நேரத்தை ஒப்பிட்டுக் கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிழைத்தால் தூரத்தில் 300 மீட்டர் பிழைக்கும். இவ்வளவு நுட்பமான கணக்கை ஒரு கைப்பெட்டி செய்துவிடுகிறது. ஆனால் அது காட்டும் எண்ணைப் படிப்பதில் மனிதன் பிழைத்தால் என் செய்வது?

ஓர் எடுத்துக்காட்டு. கருவியில் '18 பாகை 55.5 கலை' என்று வருகிறது. பதற்றத்தில் அதைப் '18.555 பாகை' என்று ஒருவர் வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுகிறார். சரியான மதிப்பு 18.925 பாகை. வேறுபாடு 0.37 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர். ஆக, தேடி வரும் கப்பல் 41 கிலோமீட்டர் தள்ளி வேறோர் இடத்தில் தேடும்! ஆகவே ஒரு கூட்டமாகச் செல்லும் படகுகள் எல்லாம் தம் கருவிகளை ஒரே முறையில் அமைத்துக்கொள்வதும், எண்ணை 'பாகை', 'கலை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதும் இன்றியமையாதவை.

மீன் எங்கே என்பதற்கும் இன்று வானிலிருந்து குறிப்பு வருகிறது. ஹைதராபாத்தில் 1999-இல் அமைந்த இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும், நீரிலுள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே அறிந்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை அறிவித்து வருகிறது. பச்சையம் உள்ள இடத்தில் நுண்தாவரம், அதைத் தின்னச் சிற்றுயிர், அதைத் தின்னச் சிறுமீன், பின் பெருமீன். மேகம் மூடிய நாட்களில் இக்குறிப்பு குறைவது இயல்பே.

பேசும் கருவி

படகுகளில் உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: வாட் கூடினால் தூரமும் கூடும் என்பது. இவ்வலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது, பூமியோ உருண்டை. அடிவானத்துக்கு அப்பால் எத்தனை வாட் போட்டாலும் பயனில்லை. கணக்கு இதோ: ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்குக. இரு முனைக்கும் இவ்வாறு செய்து கூட்டினால், கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும்.

இரு படகுகளிலும் ஏரியல் 4 மீட்டர் உயரம் என்றால், 8.24-ஐ இருமுறை கூட்ட, 16.5 கிலோமீட்டர். 9 மீட்டராக உயர்த்தினால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால், 4 மீட்டர் ஏரியலுள்ள படகு ஏறத்தாழ 49 கிலோமீட்டர் வரை பேசலாம். தூத்தூர் படகுகள் செல்வதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்! ஒக்கியின்போது கரையின் எச்சரிக்கை ஆழ்கடலை எட்டாததன் காரணம் இவ்வர்க்கமூலத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இது மீனவரின் கவனக்குறைவு அன்று, பூமியின் வளைவு.

ஆயினும் இக்கருவி வேண்டாம் என்பதல்ல. பத்துப் படகுகள் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் நின்றால், செய்தியை ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கிக் கடத்தலாம். 16-ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கென ஒதுக்கப்பட்டது; அருகில் செல்லும் எந்நாட்டுச் சரக்குக் கப்பலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். 'மேடே' என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, இருக்கும் இடம், நேர்ந்த இடர், ஆட்களின் எண்ணிக்கை. இவ்வரிசையில் சொல்ல வேண்டும். மும்பைக் கடலில் கேட்பவர் தமிழறிந்தவராக இருக்கமாட்டார். ஆதலால் இச்சொற்களை ஆங்கிலத்திலும் இந்தியிலும் படகிலுள்ள ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். படகில் பொருத்திய பெட்டி படகுடன் மூழ்கிவிடும். எனவே நீர்புகாத, மிதக்கும் கைப்பெட்டி ஒன்றும் வேண்டும். அட்டையில் 'ஐ.பி.எக்ஸ். 7' என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள்.

கூவி அழைக்கும் கருவி

அடிவானத்தைத் தாண்ட ஒரே வழி மேலே செல்வதுதான். செயற்கைக்கோள் மிக உயர்ந்த ஏரியல் அன்றி வேறென்ன? இவ்வகையில் நம் நாட்டில் படிப்படியாக வந்தவற்றைக் காண்போம்.

இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் செயல்பட்டு வருகிறது. பொத்தானை அழுத்தினால் படகின் இடமும் இடரும் செயற்கைக்கோள் வழியே கடலோரக் காவல் படையினரை எட்டும். ஆனால் முதல் தலைமுறைக் கருவியில் ஒரு குறை: செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அழைத்தவனுக்குத் தெரியாது. 2024 சனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி, அழைப்பு கிடைத்தது என்னும் மறுமொழியைப் படகுக்கே திருப்பி அனுப்புகிறது. நடுக்கடலில் பலகையைப் பற்றி மிதப்பவனுக்கு 'உன் குரல் கேட்டது' என்ற ஒரு சொல் எத்துணை வலிமை தரும் என்பதை விளக்க வேண்டுமோ?

ஒக்கிக்குப் பின், 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் கருவி வந்தது. கரையின் எச்சரிக்கையையும் மீன்வளக் குறிப்பையும் செயற்கைக்கோள் வழியே பெற்று, கைப்பேசியில் காட்டுவது அது. நெடுந்தொலைவிலும் கேட்கும், ஆனால் அதில் பேச இயலாது. இருவழிக் குறுஞ்செய்திக்கு வகைசெய்யும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு இலட்சம் மீன்பிடிக் கலங்களில் பொருத்தும் திட்டம், சுமார் 360 கோடி ரூபாய்ச் செலவில், 2024 ஆகஸ்டு 30 அன்று நம் மும்பைக்கு வடக்கேயுள்ள பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். வளைகுடா நாட்டிலிருந்து வரும் உறவினர் அன்புடன் கொண்டு வந்தாலும் அதைப் படகில் ஏற்றலாகாது.

மின்கலமும் கம்பியும்

எல்லாக் கருவிக்கும் உயிர் மின்கலமே. எஞ்சின் அறையில் நீர் புகுந்தால் அங்குள்ள மின்கலம் முதலில் சாகும். ஆகவே வயர்லெஸ்ஸுக்கு மட்டும் தனி மின்கலம், மேல்தளத்தில், கட்டி வைக்கப்பட வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணிக் கலத்தில் பாதியை, அதாவது 50-ஐ, நம்பிக் கணக்கிடுவோம். வயர்லெஸ் கேட்கும்போது அரை ஆம்பியரும், பேசும்போது 6 ஆம்பியரும் இழுப்பதாகக் கொள்வோம். கேட்டுக்கொண்டே இருந்தால் 100 மணி நேரம் வரும். மணிக்கு மூன்று நிமிடம் பேசினால் சராசரி 0.78 ஆம்பியர், 64 மணி நேரம் வரும். புயலில் எஞ்சின் நின்றாலும் இரண்டரை நாள் குரல் இருக்கும் என்பது இதன் பொருள்.

அடுத்து, கம்பி. மின்கலத்துக்கும் வயர்லெஸ்ஸுக்கும் இடையே 5 மீட்டர். போகவர 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால், 6 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் இழப்பு. மலிவென்று 0.75 சதுர மில்லிமீட்டர்க் கம்பி போட்டால் இழப்பு ஏறத்தாழ 1.4 வோல்ட். 12 வோல்ட் கலம் பெட்டிக்கு 10.6 வோல்ட்தான் தரும். கேட்கும்போது நன்றாக வேலை செய்யும் பெட்டி, பேசத் தொடங்கியவுடன் அணைந்துவிடக் கூடும்! துறையில் சோதிக்கும்போது இக்குறை தெரியாது; மின்கலம் தளர்ந்த ஆபத்து வேளையிலேதான் தெரியும். லாமிங்டன் சாலைக் கடைகளில் கம்பி வாங்கும் நம் மின்னணுவியல் மாணவர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் எதை வாங்குவது?

இதுவரை கூறியவற்றைத் தொகுத்தால், கீழ்க்காணும் வரிசை கிடைக்கிறது.

1. ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை. இதற்கு மின்சாரம் வேண்டாம், பழுதாவதும் அரிது.

2. செயற்கைக்கோள் வழி ஆபத்து அறிவிப்புக் கருவி அல்லது டிரான்ஸ்பாண்டர். பதிவு செய்த விவரம் சரியாக இருத்தல் வேண்டும். படகு கைமாறினால் பதிவையும் மாற்ற வேண்டும்.

3. பொருத்திய வி.எச்.எஃப். ஒன்று, மிதக்கும் கைப்பெட்டி ஒன்று, தனி மின்கலம் ஒன்று. ஏரியல் இயன்ற அளவு உயரத்தில்.

4. ஜி.பி.எஸ்.; கூடவே, மின்சாரம் வேண்டாத ஒரு திசைகாட்டி.

5. இவையெல்லாம் ஆன பிறகு, எக்கோ சவுண்டர்.

'எக்கோ இல்லாமல் மீன் ஏது? மீன் இல்லாமல் மற்றதற்குப் பணம் ஏது?' என்று படகுக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. மீன் காட்டும் கருவி தன் விலையைத் தானே திருப்பித் தருகிறது. ஆளைக் காக்கும் கருவி எதையும் ஈட்டுவதில்லை. அதனாலேதான் முன்னது கடையில் விரைந்து விற்கிறது, பின்னது தங்குகிறது. சந்தை தானாகச் செய்யாத இவ்வேலையை அரசும் சமூகமும் செய்ய வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதுவே காரணம். அன்றியும், எக்கோ கடலில் மீனை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. எல்லாரிடமும் அது வந்த பின், குஞ்சு மீனும் தப்புவதில்லை. அப்பொழுது மேலும் தொலைவு செல்ல வேண்டியதாகிறது. தொலைவு கூடக் கூட இடரும் கூடுகிறது. ஆகவே முதல் கருவி எவ்வளவு வளர்கிறதோ, அவ்வளவுக்கு இரண்டாவது கருவியின் தேவையும் வளர்கிறது.

நாம் செய்யக் கூடியது

இக்கருவிகளுடன் வரும் விளக்க நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. படகில் செல்வோரில் ஆங்கிலம் படித்தவர் சிலரே. இயற்பியலும் மின்னணுவியலும் தமிழும் அறிந்தவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறோம். ஆபத்து அழைப்பின் வரிசை, பாகை-கலை படிக்கும் முறை, கடலோரக் காவல் படையின் 1554 என்னும் இலவச எண், கம்பியின் பருமன் ஆகியவற்றை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதி, நீர்புகாத உறையிட்ட அட்டையாக அச்சிடலாம். அழைப்பின் சொற்களை மட்டும் ஆங்கில, இந்தி ஒலிப்பில் தமிழ் எழுத்தில் தரலாம். வரும் தடைக்காலத்தில், படகுகள் துறையில் ஓய்ந்து நிற்கும்போது, இருவர் இருவராகச் சென்று கொடுக்கலாம். கொடுக்கும்போது நாமும் அவர்களிடம் கேட்டறிய வேண்டியவை பல உண்டு. நம் பாடநூலில் இல்லாத கடல் அவர்களிடம் இருக்கிறது.

அட்டையின் முதற்படியை எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பிழை திருத்தவும், படம் வரையவும், அச்சுச் செலவில் பங்கேற்கவும் முன்வரும் நண்பர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.